உலாவிச் சோதனைகளில் டைம்அவுட்: எந்தக் காத்திருப்பு முறை எங்கே பொருந்தும்

டெவலப்பரின் மடிக்கணினியில் ஒவ்வொரு முறையும் தேறிவிடுகிற ஓர் உலாவிச் சோதனை, சிஐ பைப்லைனில் (நிரல் மாறும்போதெல்லாம் சோதனைகளைத் தானாக ஓட்டும் ஏற்பாட்டில்) மட்டும் 30 வினாடி கடந்துவிட்டது என்று சொல்லி விழும்போது, பெரும்பாலான குழுக்கள் முதலில் கை வைப்பது அந்த 30 என்ற எண்ணின் மீதுதான். அது 60 ஆகிறது. கொஞ்ச நாளில் 120 ஆகிறது. தொகுப்பு முழுவதும் ஓடி முடிய முன்னைவிட நேரம் கூடிப்போகிறது, ஆனால் விழுகிற சோதனைகள் விழுந்துகொண்டேதான் இருக்கின்றன. எண்ணைக் கூட்டுவது தவிர வேறு என்னென்ன வழிகள் கைவசம் இருக்கின்றன, அவற்றில் எது எந்த இடத்துக்குப் பொருந்தும், எதைத் தொடாமலே இருப்பது நல்லது என்பதை இக்கட்டுரை ஒப்பிட்டுப் பார்க்கிறது. உலாவியைத் தானாக இயக்கிச் சோதிக்கும் கருவிகளான செலீனியம், பிளேரைட், சைப்ரஸ் ஆகிய மூன்றும் இதில் வரும். அதே வகைக் கருவியான பப்பட்டியர் இடையிடையே வரும்.

பேச்சு காற்றில் மிதக்காமல் இருக்க, ஒரே ஒரு பக்கத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். இணையக் கடை ஒன்றின் ஆர்டர் படிவம் அது. பொருளின் பெயரைத் தட்டச்சு செய்தால், கடைசி எழுத்துக்குப் பின் 300 மில்லி வினாடி பொறுத்து, சர்வரிடம் கேட்டுப் பரிந்துரைப் பட்டியல் ஒன்றைக் காட்டும். சேமிக்கும் பட்டனை அழுத்தினால் ஸ்பின்னர் சுழலும், பின் மறையும், ‘ஆர்டர் பதிவானது’ என்ற சிறு செய்தி மூன்று வினாடி தோன்றிவிட்டுப் போகும், கீழே உள்ள அட்டவணையில் ஆர்டர் எண் புதிதாக ஒரு வரியில் சேரும். மிகச் சாதாரணமான பக்கம்தான். ஆனால் காத்திருப்பில் ஏற்படக்கூடிய ஏறக்குறைய எல்லாப் பிழைகளும் இதற்குள்ளேயே இருக்கின்றன.

முதலில் ஓர் அடிப்படையைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு காத்திருப்புக்கும் இரண்டு பகுதிகள் உண்டு: எது நடந்தால் அடுத்த படிக்குப் போகலாம் என்ற நிபந்தனை ஒன்று, அது நடக்காவிட்டால் எப்போது கைவிடுவது என்ற வரம்பு மற்றொன்று. நிபந்தனை சரியாக இருந்தால், வரம்பு 5 வினாடியா 50 வினாடியா என்பது தேறுகிற சோதனையின் வேகத்தைப் பாதிக்கவே பாதிக்காது. சோதனை விழும்போது மட்டுமே அந்த நேரம் செலவாகும். நிபந்தனை தவறாக இருந்தால், எந்த வரம்பும் காப்பாற்றாது. இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டங்களில் ஃபிளேக்கி டெஸ்ட்டுகளை (நிரல் மாறாமலே சில முறை தேறி, சில முறை விழும் சோதனைகளை) சரிசெய்த மாற்றங்களை ஆராய்ந்தபோது, காரணம் கண்டறியப்பட்டவற்றில் ஏறக்குறைய 45 விழுக்காடு, ஒத்திசைவற்ற ஒரு செயல், அதாவது பின்னணியில் ஓடிப் பிறகு முடிகிற செயல், முடியும் வரை ஒழுங்காகக் காத்திருக்காததால் வந்தவை என்று கண்டார்கள். கூகுள் 2016இல் தன் சோதனைகளில் ஏறக்குறைய 16 விழுக்காடு ஏதாவது ஓர் அளவில் ஃபிளேக்கியாக நடந்துகொள்வதாக எழுதியது. ஆகவே இது அனுபவமில்லாத குழுக்களின் குறை என்று ஒதுக்கிவிடக்கூடியதன்று.

நிலையான ஸ்லீப்

மூன்று வினாடி தூங்கு, பிறகு பட்டனை அழுத்து என்று எழுதுவது எல்லாவற்றிலும் எளிது. அதன் கேடு கணக்கில் தெரியும்: 200 இடங்களில் மூன்று வினாடி என்றால், ஒன்றும் பழுதில்லாத நாளிலும் 10 நிமிடம் வீண். சர்வர் நான்கு வினாடி எடுத்துக்கொண்ட நாளில் அந்தப் பத்து நிமிடத்தையும் கொடுத்துவிட்டுச் சோதனை விழவும் செய்யும். பப்பட்டியர் தன் 22ஆம் பதிப்பில் இதற்கான கட்டளையையே நீக்கிவிட்டது. பிளேரைட்டில் இன்னும் இருக்கிறது, ஆனால் பிழை தேடும்போது மட்டும் பயன்படுத்துமாறு அதன் ஆவணமே அறிவுறுத்துகிறது.

ஸ்லீப்புக்கு நியாயமான இடம் ஒன்று உண்டு என்று சிலர் வாதிடுவார்கள்: ஒன்று நடக்கவில்லை என்று நிறுவ வேண்டிய இடம். சேமிக்கும் பட்டனை இரு முறை அழுத்தினாலும் ஒரே ஆர்டர்தான் பதிய வேண்டும் என்றால், இரண்டாவது வரவில்லை என்பதைக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துத்தானே சொல்ல முடியும்? வாதம் ஓரளவு சரி. ஆனாலும் முதல் ஆர்டரின் வரி அட்டவணையில் வந்தபின், சர்வருக்குப் போன கோரிக்கைகளின் எண்ணிக்கையைச் சரிபார்ப்பது கூடுதல் உறுதி தரும், தூங்கவும் வேண்டியதில்லை.

செலீனியத்தில் இம்ப்ளிசிட்டா, எக்ஸ்ப்ளிசிட்டா

பழைய தொகுப்புகள் வைத்திருக்கும் குழுக்களுக்கு உண்மையான தேர்வு இங்கேதான் இருக்கிறது; அதனால் இதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். இணையத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சி 2018இல் பரிந்துரையாக வெளியிட்டதும், செலீனியம் உலாவியோடு பேசப் பயன்படுத்துவதுமான வெப்டிரைவர் தரநிலை மூன்று டைம்அவுட்டுகளை வரையறுக்கிறது: ஸ்கிரிப்ட்டுக்கு 30 வினாடி, பக்கம் ஏறுவதற்கு 300 வினாடி, எல்லாத் தேடல்களுக்கும் பொதுவான இம்ப்ளிசிட் வெயிட்டுக்குப் பூஜ்யம். கடைசி எண் பூஜ்யமாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். குழுக்கள்தான் அதை 10 என்று மாற்றிவைக்கின்றன.

மாற்றியதும் கிடைக்கும் நிம்மதி பெரிது என்பதை மறுக்க முடியாது. ஒரே வரியில், தொகுப்பு முழுவதிலும் உள்ள ஒவ்வொரு தேடலும் 10 வினாடி வரை பொறுத்துப் பார்க்கும். ஆனால் அது பொறுப்பது எலிமென்ட் (பட்டன், புலம் போன்ற பக்க உறுப்பு) டாம் மரத்தில், அதாவது உலாவி வைத்திருக்கும் பக்க உறுப்புகளின் கட்டமைப்பில், இருக்கிறதா என்பதற்காக மட்டுமே. நம் ஆர்டர் படிவத்தில் சேமிக்கும் பட்டன் தொடக்கத்திலிருந்தே டாம் மரத்தில் இருக்கிறது. கட்டாயப் புலங்கள் நிரம்பும் வரை அழுத்த முடியாத நிலையில் இருக்கிறது. இம்ப்ளிசிட் வெயிட் அதை ஒரு கணத்தில் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். அதன்பின் என்ன நடந்தாலும் அதற்குச் சம்பந்தமில்லை. எதிர்ப்பக்கம் இன்னும் மோசம். பிழைச் செய்தி எதுவும் திரையில் இல்லை என்று சரிபார்க்க ஒரு தேடல் நடத்தினால், இல்லாத ஒன்றுக்காகச் சோதனை முழுதாக 10 வினாடி காத்து நிற்கும். அதன் பிறகுதான் வெற்றுப் பட்டியல் திரும்பி வரும். எல்லாம் நலமாக இருக்கிற ஒவ்வொரு முறையும் இந்த அபராதம் விழுகிறது.

எக்ஸ்ப்ளிசிட் வெயிட், அதாவது குறிப்பிட்ட ஒரு நிபந்தனைக்காக நாமே எழுதும் காத்திருப்பு, வேறு இடத்தில் இயங்குகிறது. இம்ப்ளிசிட் காத்திருப்பு, உலாவியை இயக்கும் டிரைவர் நிரலின் பக்கத்தில் நடக்க, இது நாம் எழுதும் ஜாவா அல்லது பைத்தான் நிரலுக்குள் ஒரு சுழற்சியாக ஓடி, 500 மில்லி வினாடிக்கு ஒரு முறை நிபந்தனையைக் கேட்டுப் பார்க்கிறது. இரண்டையும் கலக்கக் கூடாது என்று செலீனியம் ஆவணம் எச்சரிப்பதற்குக் காரணம் இந்த இட வேறுபாடுதான். இம்ப்ளிசிட் 10, எக்ஸ்ப்ளிசிட் 15 என்று வைத்தால் 20 வினாடி கழித்து டைம்அவுட் ஆகலாம் என்பது அந்த ஆவணம் தரும் எடுத்துக்காட்டு. எப்படி என்றால், சுழற்சியின் முதல் தேடல் டிரைவரில் 10 வினாடி மாட்டிக்கொள்கிறது. திரும்பி வந்து கடிகாரத்தைப் பார்த்தால் 15 ஆகவில்லை. இரண்டாவது தேடல் தொடங்குகிறது. அதுவும் 10 வினாடி மாட்டிக்கொள்கிறது. நடுவில் 15ஆவது வினாடி கடந்துபோனதைச் சுழற்சியால் அறிய முடியாது. எழுதிய எண்ணுக்கும் நடப்பதற்கும் தொடர்பில்லாமல் போய்விட்டால், அறிக்கையைப் படித்துக் காரணம் கண்டுபிடிப்பது மிகக் கடினம். எனவே செலீனியத்தில் என் தேர்வு தெளிவானது: இம்ப்ளிசிட் பூஜ்யத்திலேயே இருக்கட்டும், எல்லாக் காத்திருப்பும் எக்ஸ்ப்ளிசிட்டாக எழுதப்படட்டும்.

இதற்குக் கொடுக்கும் விலை, நிரல் நீள்வதுதான். ஒவ்வொரு படிக்கும் வெப்டிரைவர்வெயிட் என்று எழுதினால் சோதனையின் போக்கே கண்ணில் படாது. அதனால் அழுத்துதல், நிரப்புதல், வாசித்தல் என்று மூன்று நான்கு உதவிச் செயற்கூறுகளை ஒரே கோப்பில் வைத்து, காத்திருப்பை அவற்றுக்குள் அடக்கிவிடுவதே நல்லது. அப்போதும் ஒரு நுணுக்கத்தை மறக்கக் கூடாது. அழுத்தத்தக்கதா என்று கேட்கும் ஆயத்த நிபந்தனை, எலிமென்ட் கண்ணுக்குத் தெரிகிறதா, இயங்கு நிலையில் இருக்கிறதா என்ற இரண்டை மட்டுமே பார்க்கிறது. அதன் மேல் ஸ்பின்னரின் திரை படர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை. எனவே நிபந்தனை நிறைவேறிய மறுகணமே, அழுத்தம் வேறொரு எலிமென்ட்டில் விழுந்தது என்ற விதிவிலக்குடன் (எக்செப்ஷன், அதாவது நிரல் எழுப்பும் பிழையுடன்) சோதனை முறியலாம். உதவிச் செயற்கூறு இந்த விதிவிலக்கையும், பக்கம் மீள வரையப்பட்டதால் பழைய எலிமென்ட் செல்லாமல் போகும் விதிவிலக்கையும் பிடித்து, லோக்கேட்டரிலிருந்து (எலிமென்ட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற விவரிப்பிலிருந்து) மறுபடி தேடி, வரம்புக்குள் மீண்டும் முயல வேண்டும்.

தானாகவே காத்திருக்கும் கருவிகள்

பிளேரைட்டும் சைப்ரஸும் மேலே சொன்ன உதவிச் செயற்கூறுகளைக் கருவிக்குள்ளேயே கட்டிவைத்திருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் 2020இல் வெளியிட்ட பிளேரைட், ஒரு பட்டனை அழுத்துவதற்கு முன், அது கண்ணுக்குத் தெரிகிறதா, தொடர்ந்து இரண்டு அனிமேஷன் ஃபிரேம்களில் இடம் மாறாமல் நிற்கிறதா, இயங்கு நிலையில் இருக்கிறதா, அந்தப் புள்ளியில் அழுத்தினால் அதற்கே போய்ச் சேருமா என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. முழுச் சோதனைக்கு 30 வினாடியும், திரையைச் சரிபார்க்கும் ஒவ்வோர் அசெர்ஷனுக்கும் 5 வினாடியும் இயல்பான வரம்புகள். சைப்ரஸில் ஒரு கட்டளைக்கு 4 வினாடி, பக்கம் ஏற 60 வினாடி. புதிதாகத் தொடங்கும் குழு இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், டைம்அவுட் பிரச்சினைகளில் கணிசமான பகுதி எழாமலே போய்விடும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் கருவி பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு அகன்றுவிட முடியாத இடங்கள் மூன்று இருக்கின்றன.

முதலாவது, கருவியின் காத்திருப்பை நாமே தற்செயலாகத் தாண்டிப்போவது. பிளேரைட்டில் ஒரு செய்தி தெரிகிறதா என்று கேட்கும் கட்டளை, அந்தக் கணத்து நிலையைச் சொல்லிவிட்டு உடனே திரும்பிவிடும், காத்திருக்காது. அட்டவணை வரியின் எழுத்தை எடுத்து மாறியில் வைத்துக்கொண்டு, பிறகு ஒப்பிடுவதும் அப்படியே: வரியின் உள்ளடக்கம் புதுப்பிக்கப்படுவதற்கு முன்பே எடுத்த பழைய எழுத்தை எத்தனை முறை ஒப்பிட்டாலும் அது மாறப்போவதில்லை. லோக்கேட்டரையே அசெர்ஷனிடம் ஒப்படைத்தால்தான் அது மீண்டும் மீண்டும் பார்க்கும்.

இரண்டாவது, ஹைட்ரேஷன். சர்வரில் வரையப்பட்ட பக்கம் உலாவிக்கு வந்ததும் பட்டன் முழு உருவத்தில் தெரிகிறது. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் இறங்கி, அதன் அழுத்தத்தைக் கேட்கும் செயற்கூறு பொருத்தப்பட இன்னும் சிறிது நேரம் ஆகும். மனிதர் பெரும்பாலும் அந்த இடைவெளியில் அழுத்தமாட்டார், சோதனை அழுத்திவிடும். கருவி பார்க்கும் எல்லா நிபந்தனைகளும் நிறைவேறியிருக்கின்றன, அழுத்தமும் நடந்துவிடுகிறது, ஆனால் அதைப் பெற்றுக்கொள்ள யாரும் இல்லை. ஆர்டர் வரிக்காகக் காத்திருக்கும் அடுத்த படி டைம்அவுட் ஆகிறது. அறிக்கை அந்த அடுத்த படியையே குற்றம் சாட்டும். இதற்கு வரம்பைக் கூட்டுவது துளியும் உதவாது. 10 நிமிடம் காத்திருந்தாலும், தொலைந்த அழுத்தம் திரும்பி வராது. சரியான மருந்து பக்கத்தின் நிரலிலேயே இருக்கிறது: ஹைட்ரேஷன் முடியும் வரை அந்தப் பட்டனை இயங்கா நிலையில் வைப்பது. மெதுவான கைபேசியில் அவசரமாக அழுத்தும் வாடிக்கையாளருக்கும் அதுவே நல்லது.

மூன்றாவதைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன்: செயலுக்கு முன்பே மெய்யாக இருக்கிற நிபந்தனைக்குக் காத்திருப்பது. சேமிக்கும் பட்டனை அழுத்திவிட்டு, ஸ்பின்னர் மறையும் வரை காத்திரு என்று எழுதுகிறோம். அழுத்தியதற்கும் ஸ்பின்னர் தோன்றுவதற்கும் இடையே சில மில்லி வினாடி இடைவெளி இருக்கிறது. சோதனை அந்த இடைவெளிக்குள் பார்த்தால் ஸ்பின்னர் இல்லை. மறைந்துவிட்டது என்று முடிவு கட்டி அடுத்த படிக்கு ஓடிவிடும். பரிந்துரைப் பட்டியலிலும் இதே கதை. ‘அரி’ என்று தட்டச்சு செய்தபோது வந்த பட்டியல் திரையில் இருக்கும்போதே, ‘அரிசி மாவு’ என்று முடித்து, பட்டியல் தெரியும் வரை காத்திரு என்றால், அது ஏற்கெனவே தெரிந்துகொண்டுதான் இருக்கிறது. சோதனை பழைய பட்டியலின் முதல் வரியைத் தேர்ந்தெடுக்கும், சற்று நேரத்தில் வேறு பொருளுக்கு ஆர்டர் போட்டுவிட்டு விழும். வேகமான மடிக்கணினியில் இந்தப் பந்தயத்தின் முடிவு பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால் குறை வெளியே தெரியாது. சிஐயில் வேகம் மாறும்போது முடிவும் மாறுகிறது.

ஆகவே நிபந்தனை எழுதும்போது கேட்க வேண்டிய கேள்வி: இது, செயலைச் செய்வதற்கு முந்தைய கணத்தில் பொய்யாக இருந்ததா? ஸ்பின்னர் இல்லாமை இந்தத் தேர்வில் தோற்கிறது. மூன்று வினாடிச் செய்தி தேறுகிறது, ஆனால் நெரிசலான கணினியில் அது தோன்றி மறைவதைச் சோதனை தவறவிடக்கூடும். அட்டவணையில் புதிய ஆர்டர் எண்ணோடு வரும் வரி முன்பு இல்லாதது, வந்தபின் நிலைத்திருப்பது. அதற்கே காத்திருக்க வேண்டும். பரிந்துரையில், ‘அரிசி மாவு’ என்ற எழுத்துள்ள வரிக்கே காத்திருக்க வேண்டும்.

நெட்வொர்க்கைப் பார்த்துக் காத்திருப்பது

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றை நம்பலாம், மற்றொன்றை நம்ப முடியாது. நெட்வொர்க் ஓயும் வரை காத்திருப்பது முதல் வகை. பிளேரைட்டில் 500 மில்லி வினாடிக்கு எந்தக் கோரிக்கையும் இல்லாவிட்டால் ஓய்ந்ததாகப் பொருள். பப்பட்டியரில் இரண்டு இணைப்புகள் வரை இருந்தாலும் பரவாயில்லை என்ற தளர்ந்த வடிவமும் உண்டு. பக்கத்தில் சர்வரோடு ஓயாமல் பேசும் அரட்டை விட்ஜெட்டோ, அரை வினாடிக்கும் குறைந்த இடைவெளியில் புள்ளிவிவரம் அனுப்பும் பகுப்பாய்வு ஸ்கிரிப்ட்டோ இருந்தால் அந்த ஓய்வு வரவே வராது. மறுபக்கம், நெட்வொர்க் ஏற்கெனவே ஓய்ந்திருக்கும்போது, 300 மில்லி வினாடித் தாமதத்துக்குப் பின் கிளம்பவிருக்கும் கோரிக்கை வருவதற்கு முன்பே எல்லாம் ஓய்ந்துவிட்டதாகச் சோதனை முடிவு கட்டிவிடலாம். பிளேரைட் ஆவணமே சோதனைகளில் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. நானும் அதையே சொல்வேன்.

குறிப்பிட்ட ஒரு மறுமொழிக்குக் காத்திருப்பது இரண்டாவது வகை. ஆர்டரைப் பதியும் கோரிக்கைக்குச் சர்வர் பதில் தந்ததும் தொடர்வது துல்லியமானது; சைப்ரஸில் இது மிக நேர்த்தியாக அமைந்திருக்கிறது. கோரிக்கை கிளம்ப 5 வினாடி, பதில் வர 30 வினாடி என்று அது இரு வரம்புகளைத் தனித்தனியே வைத்திருப்பதால், பட்டன் அழுத்தம் தொலைந்ததா, சர்வர் மந்தமா என்று பிழைச் செய்தியிலேயே தெரிந்துவிடும். ஒரே கட்டுப்பாடு, காத்திருப்பைப் பட்டனை அழுத்துவதற்கு முன்பே பதிந்துவைக்க வேண்டும். அழுத்திவிட்டுக் காத்திருக்கத் தொடங்கினால் பதில் அதற்குள் வந்து போயிருக்கலாம். குறை என்னவென்றால், பதில் வந்ததும் திரை மாறிவிட்டது என்று பொருளாகாது, சோதனையும் சர்வர் முகவரியோடு பிணைந்துவிடுகிறது. அதனால் திரையில் நிலைத்த அடையாளம் ஏதும் கிடைக்காத இடத்திலும், அழுத்தம் தொலைவதைப் பிரித்தறிய வேண்டிய இடத்திலும் மட்டும் இதைக் கையாள்வது என் வழக்கம்.

வரம்புகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குவது

நிபந்தனைகள் சரியானபின்தான் எண்களைப் பற்றிப் பேசுவதில் பயன் உண்டு. ஓர் உலாவிச் சோதனையைச் சுற்றி நான்கைந்து கடிகாரங்கள் ஓடுகின்றன: ஒரு செயலுக்கானது, பக்கம் ஏறுவதற்கானது, சோதனை முழுமைக்குமானது, சிஐ பணிக்கானது. உள்ளே இருப்பது வெளியே இருப்பதைவிடக் கட்டாயம் சிறியதாக இருக்க வேண்டும். ஏனெனில் முதலில் முடிகிற கடிகாரம்தான் பிழைச் செய்தியை எழுதுகிறது. பப்பட்டியரை, சோதனைகளை ஓட்டும் கருவியான ஜெஸ்ட்டோடு சேர்த்து ஓட்டுவோர் இதில் அடிக்கடி சிக்குவார்கள். பப்பட்டியரின் இயல்பான காத்திருப்பு 30 வினாடி, ஜெஸ்ட் ஒரு சோதனைக்குத் தருவது 5 வினாடி, அதே வகைக் கருவியான மோக்கா தருவது 2 வினாடி. எனவே எந்த லோக்கேட்டர் கிடைக்கவில்லை என்ற பயனுள்ள செய்தி ஒருபோதும் வெளிவராது. சோதனை 5 வினாடியைத் தாண்டியது என்ற வெறும் செய்திதான் வரும்.

எதிர்முனையில், வெப்டிரைவரின் 300 வினாடிப் பக்க வரம்பு எந்தச் சோதனைக்கும் மிக அதிகம். சிஐ சேவையான கிட்ஹப் ஆக்ஷன்ஸில் ஒரு பணிக்கு இயல்பாக 360 நிமிடம் வரை அனுமதி. கிட்லாபில் 60 நிமிடம். தொங்கிப்போன ஓர் உலாவி ஆறு மணி நேரம் ஓடுவதை யாரும் விரும்பமாட்டார்கள் என்றாலும், இந்த வரியை மாற்றாமல் விட்டிருக்கும் திட்டங்கள் ஏராளம். பிளேரைட் டெஸ்ட்டில் ஒரு தனிச் செயலுக்கு இயல்பான வரம்பே கிடையாது. அது சோதனையின் 30 வினாடி முழுவதையும் விழுங்கலாம். ஆர்டர் படிவம் போன்ற பக்கத்துக்கு நான் வைக்கும் தொடக்க எண்கள்: அசெர்ஷனுக்கு 5 முதல் 10 வினாடி, செயலுக்கு 10, பக்கம் ஏற 20, சோதனைக்கு 60, சிஐ பணிக்கு 20 நிமிடம். உண்மையிலேயே நீளமான ஒரு சோதனைக்கு, அந்தச் சோதனையில் மட்டும் வரம்பை மும்மடங்காக்கும் குறியைப் பிளேரைட் தருகிறது. ஒரே ஒரு மந்தமான இடத்துக்காகத் தொகுப்பு முழுவதற்கும் எண்ணைக் கூட்டுவதைவிட அது எவ்வளவோ மேல், ஏனெனில் எந்த இடம் மந்தம் என்பது நிரலிலேயே பதிவாகிவிடுகிறது.

வரம்பு காரணமாகத் தோன்றினாலும், வரம்போடு தொடர்பே இல்லாத சில டைம்அவுட்டுகளும் உண்டு. டாக்கர் கொள்கலனுக்கு (நிரலைத் தனித்து ஓட்டும் சூழலுக்கு) இயல்பாகக் கிடைக்கும் பகிர்வு நினைவகம் 64 மெகாபைட். கனமான பக்கத்தில் குரோம் அதைத் தாண்டி முறியும்போது, சோதனைக்கு அது பதிலே வராத பக்கமாகத்தான் தெரியும். இரண்டு சிபியு உள்ள கணினியில் நான்கு உலாவிகளை இணையாக ஓட்டினாலும் அப்படியே; அங்கே குறைக்க வேண்டியது இணை ஓட்டங்களின் எண்ணிக்கையை. பக்கம் முழுதாக ஏறும் வரை காத்திருக்கும் இயல்பு நிலையில், வெளியார் விளம்பர ஸ்கிரிப்ட் ஒன்று தொங்கினாலே போதும், நம் பக்கம் ஏறவில்லை என்றாகிவிடும். அத்தகைய கோரிக்கைகளைச் சோதனையில் தடுத்துவிடலாம். செலீனியத்தில், டாம் மரம் தயாரானதும் தொடரும் ‘ஈகர்’ உத்தியையும் தேர்ந்தெடுக்கலாம்.

மறுமுயற்சி

விழுந்த சோதனையைத் தானாகவே மீண்டும் ஓட்டுவது பற்றிக் குழுக்களில் சண்டையே நடக்கும். இரு தரப்புக்கும் கணக்கு சாதகமாகத்தான் இருக்கிறது. 300 சோதனைகள், ஒவ்வொன்றும் நூற்றில் ஒரு முறை காரணமின்றி விழும் என்று வைத்துக்கொண்டால், தொகுப்பு முழுவதும் ஒரே ஓட்டத்தில் தேறும் வாய்ப்பு சுமார் 5 விழுக்காடுதான். ஒரே ஒரு மறுமுயற்சி அதை ஏறக்குறைய 97 விழுக்காடாக்கிவிடும். இதைப் பார்த்தபின் மறுமுயற்சியே கூடாது என்று சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆனால் இப்போது சோதிக்கப்படும் மென்பொருளிலேயே ஒரு பந்தயப் பிழை (எந்தச் செயல் முந்துகிறது என்பதைப் பொறுத்து வரும் பிழை) இருப்பதாகக் கொள்வோம். பத்தில் மூன்று வாடிக்கையாளருக்கு ஆர்டர் பதிவதில்லை. இரண்டு மறுமுயற்சி வைத்திருந்தால், மூன்று முறையும் தொடர்ந்து விழுந்தால்தான் சிவப்பு தெரியும். அதற்கான வாய்ப்பு வெறும் 2.7 விழுக்காடு. அவ்வளவு பெரிய பழுதைத் தொகுப்பு பச்சை நிறத்தில் காட்டிக்கொண்டிருக்கும்.

எனவே சிஐயில் ஒன்றுக்கு மேல் மறுமுயற்சி வேண்டாம். அந்த ஒன்றும் தடயத்தோடு நடக்க வேண்டும். பிளேரைட் முதல் மறுமுயற்சியின்போது மட்டும் டிரேஸ், அதாவது படிப்படியான தடயம், பதிவுசெய்ய வழி தருகிறது, இரண்டாம் முறை தேறியதைத் தேறியதாகக் காட்டாமல் ஃபிளேக்கி என்று தனியே வகைப்படுத்துகிறது. அந்தப் பட்டியலை வாரந்தோறும் யாராவது ஒருவர் பொறுப்பேற்றுப் பார்க்கும் ஏற்பாடு இல்லாத குழுவில், மறுமுயற்சியைப் பூஜ்யத்தில் வைத்துச் சிவப்பைத் தாங்கிக்கொள்வதே நேர்மையானது.

கடிகாரத்தைக் கையில் எடுப்பது

காத்திருப்பது பக்கத்தின் சொந்த டைமருக்காக என்றால், காத்திருக்கவே வேண்டியதில்லை. 15 நிமிடம் செயலற்று இருந்தால் அமர்வு முடியும் என்ற விதியைச் சோதிக்க, சைப்ரஸின் கடிகாரக் கட்டளையோ, 2024இல் பிளேரைட்டின் 1.45ஆம் பதிப்பில் வந்த அதே போன்ற வசதியோ போதும். நேரத்தை 15 நிமிடம் முன்னே தள்ளினால் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும். படிவத்தின் 300 மில்லி வினாடித் தாமதத்துக்கு இது தேவையில்லை. அங்கே சரியான வரிக்குக் காத்திருந்தாலே போதும். சர்வரின் நேரத்தை இந்த வழியில் நகர்த்த முடியாது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

எதிலிருந்து தொடங்குவது

ஆயிரக்கணக்கான வரிகளில் செலீனியத் தொகுப்பு வைத்திருக்கும் குழு, கருவியை மாற்றுவதற்கு முன் இதே தொகுப்பில் செய்யக்கூடியது நிறைய. முதலில் இம்ப்ளிசிட் வெயிட்டைப் பூஜ்யமாக்கி, விழுகிறவற்றை உதவிச் செயற்கூறுகளுக்கு மாற்ற வேண்டும். சில நாள் சிவப்பாகவே இருக்கும், அதற்கு மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ஸ்லீப்புகளைத் தேடி, அதிக முறை ஓடும் சோதனைகளிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றையும் நிலைத்த அடையாளம் ஒன்றுக்கான காத்திருப்பாக மாற்ற வேண்டும். இந்த வேலையைச் செய்யாமல் பிளேரைட்டுக்கு மாறினால், ஸ்பின்னர் மறையக் காத்திருக்கும் அதே தவறான நிபந்தனைகள் புதிய கருவியிலும் அப்படியே குடியேறும். புதிதாகத் தொடங்கும் குழு பிளேரைட்டையோ சைப்ரஸையோ எடுத்துக்கொள்ளலாம். பல தாவல்கள், பல தளங்களுக்கிடையே தாவும் கட்டண நுழைவாயில் போன்றவை இருந்தால் பிளேரைட் இலகுவாக இருக்கும், சர்வர் மறுமொழிகளைச் சுற்றியே சோதனைகள் அமைந்தால் சைப்ரஸின் வழி வசதியாக இருக்கும்.

கடைசியாக, உண்மையிலேயே நேரம் எடுக்கும் பணிகள். மாத ஆர்டர் அறிக்கையைத் தயாரிக்கச் சர்வர் 40 வினாடி எடுத்துக்கொள்கிறது என்றால், திரையின் முன் 40 வினாடி உட்கார்ந்திருக்கும் சோதனை எழுத வேண்டாம். பட்டனை அழுத்தியதும் ‘தயாராகிறது’ என்ற நிலை வருகிறதா என்று திரையில் பார்த்துவிட்டு, பணியின் நிலையைச் சர்வரின் ஏபிஐயிடம் (நிரல்கள் கேட்டுப் பதில் பெறும் இடைமுகத்திடம்) நேரடியாகக் கேட்டுக்கொண்டிருப்பது நல்லது. பிளேரைட்டின் ‘போல்’ (poll) என்ற வசதி 100, 250, 500, 1000 மில்லி வினாடி என்று இடைவெளியை விரித்துக்கொண்டே கேட்கும்; அதற்கும் இயல்பான வரம்பு 5 வினாடிதான் என்பதால், அங்கே 90 என்று வெளிப்படையாக எழுதி, சோதனையின் வரம்பை அதற்கு மேல் வைக்க வேண்டும். நிரலின் ஒரு தொகுதியையே மீண்டும் மீண்டும் முயலும் டூபாஸ் (toPass) என்ற வசதி இதற்கு நேர்மாறு: அதற்குத் தனி வரம்பே இயல்பாக இல்லை, எண் கொடுக்காவிட்டால் சோதனையின் நேரம் தீரும் வரை சுற்றிக்கொண்டிருக்கும். பணி முடிந்தது என்று ஏபிஐ சொன்னபின் பக்கத்தை ஒரு முறை புதுப்பித்து, பதிவிறக்க இணைப்பு வந்திருக்கிறதா என்று வழக்கமான 5 வினாடி அசெர்ஷனில் பார்த்தால் போதும்.